மண் பார்த்துப் புல், மாதம் பார்த்து உரம்: டெல்டா வீட்டுப் புல்தரைக்குப் பயனுள்ள குறிப்புகள்

தஞ்சாவூர்ப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் என்று தொல்லியல் துறை பராமரிக்கும் புல்தரைகளைப் பார்த்துவிட்டு வருகிற யாருக்கும், அப்படி ஒரு பச்சை தன் வீட்டு வாசலிலும் வேண்டும் என்று ஆசை வரும். ஆசைப்பட்டுப் போட்ட புல் முதல் வருடம் செழிப்பாகத்தான் இருக்கும். ஓர் ஐப்பசி அடைமழை கடந்ததும் நடுவில் மஞ்சள் திட்டுகள் தோன்றும். சத்துக் குறைவு என்று நினைத்து யூரியாவை அள்ளி வீசுவோம். திட்டு இன்னும் பெரிதாகும்.

நெல்லுக்கு உரம் போட்டுப் பழகிய கை நம்முடையது. ஆனால் நெல் நான்கைந்து மாதத்தில் அறுவடையாகி, மண்ணிலிருந்து எடுத்த சத்தைக் களத்துக்குக் கொண்டுபோய்விடும். புல்தரை வருடம் முழுவதும் அதே இடத்தில் நிற்கிறது. வெட்டிய நுனியை அங்கேயே விட்டால் எடுத்த சத்தில் ஒரு பகுதி மண்ணுக்கே திரும்புகிறது. அதன் பசி சிறியது. மண்ணுக்கு ஏற்ற புல், அளவான உரம், தேங்காத தண்ணீர் ஆகிய மூன்றும் அமைந்தால் மற்ற வேலையைப் புல்லே பார்த்துக்கொள்ளும்.

மண்ணும் புல்லும்

1. முதலில் மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். முறுக்கு மாவைப் போல நீளமாகத் திரண்டு வந்தால் அது களிமண்; மன்னார்குடி, திருவாரூர், நாகை பக்கம் பெரும்பாலும் இதுதான். உருட்டும்போதே உதிர்ந்தால் மணற்பாங்கு. கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் இதை நிறையக் காணலாம். வல்லம் பக்கம் செம்மண்ணும் செம்புறை மண்ணும் உண்டு. கீழே சொல்லும் தண்ணீர்க் கணக்கும் உரக் கணக்கும் இந்த வேறுபாட்டை ஒட்டியே மாறும்.

2. மண் பரிசோதனையை ஒத்திப்போடாதீர்கள். புல் போடும் இடத்தில் ஐந்தாறு இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பகுதிகளைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்யுங்கள். நிழலில் உலர்த்தி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். பி.எச். அளவு, உப்பின் அளவு, தழை, மணி, சாம்பல் சத்துகள் தெரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

3. வெயில் வாசலுக்கு அருகு. நாள் முழுவதும் வெயில் விழும் இடத்தில் அருகம்புல்லுக்கு நிகர் இல்லை. அருகுபோல் வேரூன்ற வேண்டும் என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அதற்குக் காரணம் அதன் கணு ஒவ்வொன்றும் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடுவதுதான். மிதிபட்டாலும் காய்ந்தாலும் மீண்டு வரும். பொடி இலை கொண்ட கொரியன் புல் மெத்தைபோல் அழகாக இருக்கும்; ஆனால் மெதுவாக வளரும், மேடு மேடாகத் திரளும். அவசரப்படாதவர்களுக்கு அது ஏற்றது.

4. சென்டிபீட் புல்லுக்கு ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க. அமெரிக்காவின் ஜார்ஜியா, கரோலினா மாநிலங்களில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வந்த பெற்றோர், அங்கே வாசலில் பார்த்த இந்தப் புல்லைப் பற்றிக் கேட்கிறார்கள். தென்சீனாவிலிருந்து 1916-இல் அமெரிக்காவுக்குப் போன புல் இது. மெல்ல வளரும், அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை, உரமும் குறைவாகவே கேட்கும். ஆனால் பி.எச். 5 முதல் 6 வரை உள்ள அமில மண்தான் அதற்குப் பிடிக்கும். காரம் ஏறிய வண்டல் மண்ணில் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் வெளுத்துப் போகும், உப்பையும் தாங்காது. பரிசோதனையில் அமிலத் தன்மை தெரியவந்த செம்மண் மனையாக இருந்தால் முயன்று பார்க்கலாம். மற்ற இடங்களில் அருகுக்கும் கொரியனுக்கும் போங்கள்.

5. மாமரத்தடியில் அருகை வற்புறுத்தாதீர்கள். ஆறு மணி நேர வெயிலாவது இல்லாத இடத்தில் அருகு மெலிந்து மறைந்துவிடும். அரை நிழலுக்கு அகன்ற இலை கொண்ட பஃபலோ புல் ஏற்றது. முழு நிழலில் எந்தப் புல்லும் நிலைக்காது. அந்த இடத்தைச் செடிகளுக்கு விடலாம். செம்மண் தரையாகவே மெழுகி வைத்தாலும் அழகுதான்.

6. தரையை உயர்த்துங்கள், சரிவு கொடுங்கள். களிமண் மனையில் புல்தரை சுற்றுப்புறத்தைவிட 10 முதல் 15 செ.மீ. உயரமாக இருக்கட்டும். பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு போதும். சரிவின் முடிவில் தண்ணீர் மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போய்ச் சேரட்டும். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கொட்டிக் கிளறினால் காய்ந்த பின் செங்கல்போல் இறுகிவிடும். மணலுக்குப் பதிலாக மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்து கொத்துங்கள்.

7. குறைந்த செலவில் புல் போட ஒரு வழி. நர்சரியில் ஷீட் வாங்கி விரிக்க வசதி இல்லையென்றால், நல்ல அருகங்கொடிகளைக் கணுவோடு இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். மக்கிய சாண எருவும் தோட்ட மண்ணும் கரைத்த குழம்பில் கலந்து, ஈரமான தரையில் பூச்சுப் பூசுவதுபோல் பரப்பி, மேலே மெல்லிசாக மண் தூவுங்கள். தினமும் பூவாளியால் தெளியுங்கள். துளிர் விட்டுத் தரை மூடும்வரை யாரும் மிதிக்கக் கூடாது. ஆனி, ஆடி மாதங்கள் இதற்கு உகந்தவை.

உரம்

8. அளவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 100 சதுர அடிக்கு 50 கிராம் யூரியா, அல்லது 150 கிராம் 17:17:17. இதுவே போதுமான அளவு. குழிக் கணக்கில் பழகியவர்களுக்கு, ஒரு குழி 144 சதுர அடி. ஆகவே குழிக்கு ஏறத்தாழ 70 கிராம் யூரியா. கைப்பிடிக் கணக்கு வேண்டாம். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

9. வருடத்துக்கு எத்தனை தடவை? அருகுக்கு நான்கு, கொரியனுக்கு மூன்று, சென்டிபீட் புல்லுக்கு இரண்டு. இதற்கு மேல் போட்டால் இலை கருகருவென்று வளரும், வேர் வளராது. தரையில் பழைய தண்டும் வேரும் பஞ்சுபோல் திரண்டு தண்ணீரை உள்ளே விடாது. பூஞ்சாணமும் புழுவும் முதலில் தேடி வருவது இப்படிக் கொழுத்த புல்லைத்தான். சென்டிபீட் புல்லின் இயல்பான நிறமே வெளிர்பச்சை; அதைக் கரும்பச்சையாக்க நினைத்து உரம் கூட்டினால் புல்லே கெட்டுப்போகும்.

10. போடும் முறை. புல் இலை உலர்ந்திருக்க வேண்டும், மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். யூரியாவை அதன் ஐந்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கைக் கிழக்கு மேற்காகவும், இன்னொன்றைத் தெற்கு வடக்காகவும் நடந்து தூவினால் வரிவரியாகப் பச்சை விழாது. தூவிய கையோடு தண்ணீர் விடுங்கள். இலையில் ஒட்டிய உரம் வெயிலில் புல்லைக் கருக்கிவிடும்.

11. இயற்கை உரத்துக்கும் கணக்கு உண்டு. 50 கிராம் யூரியாவில் உள்ள தழைச்சத்து ஏறத்தாழ 330 கிராம் கடலைப் புண்ணாக்கிலோ, 450 கிராம் வேப்பம் புண்ணாக்கிலோ இருக்கிறது. வேப்பம் புண்ணாக்கு மெதுவாகக் கரையும், வேர்ப்புழுவையும் ஓரளவு தடுக்கும். வருடம் ஒரு தடவை 100 சதுர அடிக்கு ஐந்து கிலோ சலித்த மண்புழு உரம் தூவலாம். இவற்றைப் போட்ட மாதத்தில் யூரியாவைத் தவிர்த்துவிடுங்கள்.

12. பச்சைச் சாணி எரு வேண்டாம். வைக்கோல் தின்ற மாட்டின் சாணத்தோடு நெல்லும் குதிரைவாலியும் கோரை விதையும் சேர்ந்தே வரும். நன்றாக மக்கி, கையில் எடுத்தால் மண் வாசனை அடிக்கிற எருவைச் சலித்துப் போடுங்கள். அரிசி ஆலைச் சாம்பலும் அடுப்புச் சாம்பலும் காரத் தன்மை கொண்டவை. ஏற்கெனவே பி.எச். கூடிய மண்ணில் அவற்றைக் கொட்டாதீர்கள்.

13. மணிச்சத்தைக் கேட்காமல் போடாதீர்கள். நெல் வயலை மனையாக்கிய இடத்தில் பல வருடம் போட்ட டி.ஏ.பி.யின் மணிச்சத்து மண்ணில் தங்கியிருக்கலாம். அது மிகுந்தால் புல் இரும்புச் சத்தை எடுப்பது தடைபடும். பரிசோதனை அட்டையில் மணிச்சத்து போதுமானது என்று இருந்தால் டி.ஏ.பி.யையும் 17:17:17-ஐயும் விட்டுவிட்டு, யூரியாவும் பொட்டாஷும் மட்டும் போடுங்கள்.

14. மஞ்சளைப் பார்த்து மருந்தைத் தீர்மானியுங்கள். முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறைவு. இதற்கு யூரியா உதவாது. ஒரு லிட்டர் தண்ணீரில் அன்னபேதி 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து, 100 சதுர அடிக்கு இரண்டு லிட்டர் வீதம் மாலையில் தெளியுங்கள். சிமென்ட் தரையிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை விழும், உடனே கழுவுங்கள். சுவரை ஒட்டிய ஒரு பட்டை மட்டும் எப்போதும் மஞ்சளாக இருந்தால், அடியில் கட்டடச் சுண்ணாம்பும் சிமென்ட் கழிவும் புதைந்திருக்கும். தோண்டி எடுத்து மண் மாற்றுவதே தீர்வு.

தண்ணீர்

15. தினமும் நனைக்காதீர்கள். கோடையில் வாரத்துக்கு ஓர் அங்குலத் தண்ணீர் போதும். 100 சதுர அடிக்கு அது ஏறத்தாழ 230 லிட்டர். களிமண்ணில் இரண்டு தடவையாகவும் மணற்பாங்கில் மூன்று தடவையாகவும் பிரித்துவிடுங்கள். நடந்து பாருங்கள்: காலடி பட்ட புல் நிமிராமல் கிடந்தால், அல்லது நிறம் சாம்பல் பூத்தால், தண்ணீர் விடும் நேரம் வந்துவிட்டது. விடியற்காலையில் விடுங்கள். இரவெல்லாம் இலை ஈரமாக நின்றால் பூஞ்சாணம் பிடிக்கும்.

16. உப்புத் தண்ணீரில் எச்சரிக்கை. நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கலாம். அங்கே அருகு, கொரியன், பாஸ்பலம் வகைகள் தாக்குப்பிடிக்கும். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும். அதையே தினமும் புல்லுக்கு விட்டால் மண் உவர்க்கும். சலவை இயந்திரத்தின் முதல் சோப்புத் தண்ணீரும் வேண்டாம். கரையோரத்தில் சாம்பல் சத்துக்குக் குளோரைடு கலந்த பொட்டாஷுக்குப் பதில் பொட்டாசியம் சல்பேட் போடுங்கள்.

17. மழைக் காலத்தில் வடிகாலே மருந்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை நின்றும் தண்ணீர் வடியாமல் நிற்கிற பள்ளங்களை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தையில் மண் உலர்ந்ததும் அந்த இடத்துப் புல்லைச் சதுரமாகப் பெயர்த்து, அடியில் மண் நிரப்பி, மறுபடி பதித்துவிடுங்கள். ஈரத்தில் தரையின்மேல் நடப்பதும் வண்டி ஏற்றுவதும் கூடாது. அப்போது இறுகிய களிமண் கோடையில் பாறையாகும்.

வெட்டும் பராமரிப்பும்

18. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். அருகும் கொரியனும் 3 முதல் 4 செ.மீ., சென்டிபீட் 4 முதல் 5 செ.மீ., பஃபலோ 6 முதல் 8 செ.மீ. உயரம் இருக்கட்டும். கத்திரி வெயில் நாட்களில் அரை அங்குலம் கூட்டி விடுங்கள். மண்ணுக்கு நிழல் கிடைக்கும். மழுங்கிய கத்தி புல்லைப் பிய்க்கும், நுனி வெள்ளையாகக் காயும். வெட்டிய பொடி நுனிகளைத் தரையிலேயே விட்டால் வருட உரத்தில் கால் பங்குவரை மிச்சம். ஓரங்களையும் சேர்த்து வெட்டுங்கள். உயர்ந்த புல் பாம்புக்கு மறைவிடம்.

19. தையில் துளை, மாசியில் மண். மழை முடிந்து மண் பதமாக இருக்கும்போது, விரல் கனமுள்ள கூரான கம்பியால் ஒரு சாண் இடைவெளியில் நான்கு அங்குல ஆழத்துக்குத் துளையிடுங்கள். மணல் இரண்டு பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு, சலித்த எரு ஒரு பங்கு கலந்து அரை செ.மீ. கனத்துக்குப் பரப்பி, துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளிவிடுங்கள். 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 45 லிட்டர், அதாவது பெயின்ட் வாளியில் இரண்டே கால் வாளி வேண்டும். ஏரி வண்டலை மட்டும் தனியாகப் பரப்பினால் ஏடு கட்டிவிடும். கடல் மணல் கூடவே கூடாது.

20. தார்ப்பாய் விரிக்காதீர்கள். நெல்லோ உளுந்தோ மிளகாயோ காயவைக்கப் புல்தரையில் தார்ப்பாய் விரித்தால், உச்சி வெயிலில் அடியில் உள்ள புல் வெந்துவிடும். வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் போட்டிருந்தால், பிரித்த மறுநாளே தண்ணீர் விட்டு, மண் இறுகிய இடங்களில் துளையிடுங்கள்.

களை, பூச்சி, நோய்

21. கோரையை இழுக்காதீர்கள், தோண்டுங்கள். இழுத்தால் தாள்தான் வரும். கிழங்கு மண்ணில் தங்கிப் பல முளை விடும். இளசாக இருக்கும்போதே கிழங்கோடு தோண்டி எடுத்து, வெயிலில் உலர்த்தி அழியுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். வயலுக்குக் களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இரவல் வாங்கிப் புல்லுக்குப் பயன்படுத்தாதீர்கள். அடியில் தங்கிய கிளைபோசேட் புல்லையே கொன்றுவிடும்.

22. சோப்புத் தண்ணீர்ச் சோதனை. காரணம் புரியாமல் புல் காய்ந்தால், ஐந்து லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, காய்ந்த திட்டின் விளிம்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஊற்றுங்கள். பிள்ளைப்பூச்சியும் இலை தின்னும் புழுவும் இருந்தால் சில நிமிடங்களில் மேலே வரும். எதுவும் வராமல், புல் பாய்போல் சுருண்டு கையோடு வந்தால், அடியில் வெள்ளையான வேர்ப்புழு இருக்கும். கோடை மழைக்குப் பிறகு வேப்பமரத்தில் மொய்க்கும் வண்டுகளே இவற்றின் தாய். இரவில் விளக்குப் பொறி வைத்துப் பிடியுங்கள்.

23. வட்டத் திட்டு விழுந்தால். மழைக் காலத்தில் வட்டமாகப் பழுப்பேறிப் பரவினால் பூஞ்சாணம். உரத்தை நிறுத்துங்கள், தண்ணீரை வடியுங்கள், வெட்டிய புல்லை அள்ளி அப்புறப்படுத்துங்கள். சூடோமோனாஸ் தூளை மக்கிய எருவோடு கலந்து தூவலாம். நடுவில் காய்ந்து சுற்றிலும் கரும்பச்சை வளையம் இருந்தால் அது நாய் சிறுநீர் கழித்த இடம். அங்கே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும்.

24. உரமிட்ட புல்லை உண்ணாதீர்கள். சாறு எடுக்கவும் பிள்ளையாருக்குச் சாத்தவும் உரமும் மருந்தும் படாத அருகைத் தனியாக ஒரு தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள். யூரியா தூவிய புல்லையும் மருந்தடித்த புல்லையும் ஆடு மாடுகளுக்கும் போடாதீர்கள்.

மாதக் கணக்கு

25. சுவரில் ஒட்டிவைக்க ஓர் அட்டவணை. இது அருகுக்கு உரியது; கொரியனுக்கு ஆவணி உரத்தையும், சென்டிபீட்டுக்கு ஆவணி, புரட்டாசி உரங்களையும் விட்டுவிடுங்கள்.

- தை: பள்ளம் நிரப்புதல், துளையிடுதல்.
- மாசி: மண் பரப்புதல், முதல் உரம்.
- பங்குனி, சித்திரை: உரம் இல்லை, வாரம் ஓர் அங்குலத் தண்ணீர், உயர்த்தி வெட்டுதல்.
- வைகாசி: கோடை மழை பெய்தால் களையெடுப்பு, வேர்ப்புழு கண்காணிப்பு.
- ஆனி: இரண்டாம் உரம்; புதிய புல் நடவு.
- ஆடி: வழுக்கையான இடங்களில் கொடி நடுதல்.
- ஆவணி: மூன்றாம் உரம்.
- புரட்டாசி முதல் வாரம்: கடைசி உரம், யூரியாவைப் பாதியாக்கி, 100 சதுர அடிக்கு 40 கிராம் பொட்டாஷ் சேர்க்கவும். கரையோரத்தில் அதற்குப் பதில் 50 கிராம் பொட்டாசியம் சல்பேட்.
- ஐப்பசி, கார்த்திகை: உரமே வேண்டாம், வடிகால் மட்டும்.
- மார்கழி: சருகு கூட்டுதல், பனி உலர்ந்த பிறகு மட்டும் வெட்டுதல்.

இந்த அட்டவணைப்படி ஒரு வருடம் செய்து பாருங்கள். போட்ட தேதியையும் அளவையும் அதிலேயே எழுதிவாருங்கள். அடுத்த தையில் மண்ணை மறுபடி பரிசோதித்து, எந்தச் சத்து கூடியிருக்கிறதோ அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.